தண்ணீர் பார்த்துத் தேதி குறி

லாரி டியூபில் காற்றடித்து, அதன் நடுவே உட்கார்ந்து, ஆறு போகிற போக்கில் மிதந்து போவது பல நாடுகளில் முழுநாள் பொழுதுபோக்காக வளர்ந்துவிட்டது. இதற்கு முதல் தேவை பல மணி நேரம் ஏறாமல் இறங்காமல் ஓடும் தண்ணீர். பாறையும் ஆழமும் முன்கூட்டியே தெரிந்த தடம் வேண்டும். மிதந்து முடித்தவர்களைத் திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கு ஏற்றிவர ஒரு வண்டியும் வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கோமல் ஆறு ஊற்றில் பிறந்து, சுமார் நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, குவாதலூப் ஆற்றில் கலந்துவிடுகிறது. ஊற்றுநீர் என்பதால் அதன் வேகமும் குளிர்ச்சியும் பெரிதாக மாறுவதில்லை. குவாதலூப்பிலோ மேலே இருக்கும் கேன்யன் அணை விடும் நீர்தான் கணக்கு. இந்தியாவில் ரப்பர் படகு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற சில இடங்களின் கதையும் இதுதான். மகாராஷ்டிரத்தின் கோலாடில் குண்டலிகா ஆறும், கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி ஆறும் மின்நிலையங்கள் விடும் தண்ணீரை நம்பியே ஆட்களை ஏற்றுகின்றன. சீராக வரும் தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தத் தொழில் நிலைப்பதில்லை.

விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலில் இருந்து இப்படி ஒரு நாளுக்குத் திட்டமிடும் குழு பெரும்பாலும் கல்லூரி மாணவர்களாகவே இருக்கும். 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்த பிறகு ஊரின் போக்குவரத்தும் கடைவீதியும் மாணவர்களைச் சுற்றியே அமைந்துவிட்டன. முப்பது நாற்பது பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேன் என்று பேச்சு தொடங்கும். முதலில் வேன் பேசப்படும், அடுத்து தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடப்படும், பிறகு சாப்பாடு. தண்ணீர் இருக்குமா என்ற கேள்வி கடைசியில்தான் எழும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மலை இருக்கிறது, ஆறு எங்கே?

கிருஷ்ணன்கோவிலில் நின்று மேற்கே பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஆனால் அந்த மலைதான் தென்மேற்குப் பருவமழையை மறித்துக் கேரளப் பக்கமே கொட்டவைக்கிறது. ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் வெள்ளம் ஓடும்போது இந்தப் பக்கம் காற்று மட்டுமே வீசும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தின் மலை ஓடைகளுக்கு உண்மையான காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம்தான். அர்ஜுனா நதி, முடங்கியாறு, நகரியாறு எல்லாம் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. மழை பெய்தால் சில நாள் ஓடும், மற்ற நாள்களில் மணல்தான். டியூப் மிதக்கிற அளவு நீர் இவற்றில் வரும் நாள் எதுவோ, அதுவே யாரும் இறங்கக் கூடாத நாளுமாகும்.

குளிக்க மட்டும் போகிறவர்களுக்கு அருகிலேயே இடங்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் மீன்வெட்டிப்பாறை அருவியும், ராக்காச்சி அம்மன் கோவிலை ஒட்டிய ஓடையும் உள்ளன. ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் ஆறு, தேவதானம் பக்கம் சாஸ்தா கோவில், வத்திராயிருப்பை அடுத்துப் பிளவக்கல் அணைகள். அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர்தான் ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போய் நகரின் குடிநீராகிறது. அங்கே சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளிப்பது பக்கத்து ஊரின் குடத்தில் கைகழுவுவதற்குச் சமம். அணைகளில் நீந்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மதகருகே நீர் இழுக்கும் வேகம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்த மலைச்சரிவு முழுக்க இன்று புலிகள் காப்பகம். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு அப்பால் ஓடையைப் பிடித்து மேலேறுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானை இறங்கும் பாதையும் அந்த ஓடைதான் என்பதால் சட்டம் இல்லாவிட்டாலும் அது புத்திசாலித்தனம் ஆகாது. அனுமதி நாளும் நேரமும் மழை, காட்டுத்தீ, யானை நடமாட்டத்தைப் பொறுத்து மாறும். எனவே புறப்படுவதற்கு முந்தைய நாள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்வது திட்டத்தின் முதல் படி.

தெற்கே போகும் சாலை

அருகில் நீர் இல்லாதபோது குழுக்கள் தெற்கே போகின்றன. கிருஷ்ணன்கோவில் வழியாகச் செல்லும் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்கு ஊர் நுழைந்து தென்காசியை அடைகிறது. குற்றாலம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒன்றரை மணி நேரம் போலத் தெரியும். கடைவீதிகளையும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு வரும் வண்டிகளையும் கடந்து போக வேன் இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுக்கும். காலை ஐந்தரைக்குப் புறப்படும் குழு கூட்டம் சேருமுன் அருவியில் நிற்கும். எட்டரைக்குப் புறப்படும் குழுவுக்கு வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

குற்றாலத்துக்கு மட்டும் ஆனியிலும் ஆடியிலும் தண்ணீர் வருவதற்குக் காரணம் மலையில் உள்ள இடைவெளி. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்திருப்பதால் தென்மேற்குக் காற்று மேகத்தோடு உள்ளே நுழைகிறது. அந்தச் சாரல்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசன். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையில் இரண்டாம் முறை அருவி நிரம்பும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரி முதல் மே வரை பேரருவி பாறையில் ஒரு ஈரக்கோடாகச் சுருங்கிப்போவது வழக்கம். கல்லூரி நாள்காட்டியோ இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. இறுதியாண்டு மாணவர்கள் பிரிவுபசாரச் சுற்றுலாவுக்குத் தேர்ந்தெடுப்பது மார்ச் மாதம்! ஆண்டுத் தொடக்கத்தில், ஜூலையில் முடிக்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளி, காய்ந்த பாறையின் முன் நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் ஏராளம்.

குற்றாலம் மிதப்பதற்கான இடம் அல்ல, நிற்பதற்கான இடம். பேரருவியில் மேலிருந்து விழும் நீர் முதலில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகே மனிதர் தலையில் விழுகிறது. பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டினால் காவல்துறை குளிப்பதற்குத் தடை போட்டுவிடும். பேரருவியில் தடை என்றால் ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று வண்டியைத் திருப்புவது பழக்கம். ஆனால் எல்லா அருவிக்கும் மழை தருவது ஒரே மலை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்களும் பெண்களும் தனித்தனி இடத்தில் குளிப்பதால், இருபாலரும் உள்ள குழுவுக்கு ஒரே பொறுப்பாளர் போதாது. இரு பக்கமும் ஒருவர் வேண்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்தால் குரங்குகள் பங்கு கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

தாமிரபரணியும் எட்டு அணைக்கட்டுகளும்

டியூபில் மிதப்பதற்கு ஓரளவாவது பொருந்தும் ஆறு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்று. தென்காசியில் இருந்து கடையம், அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போனால் பொதிகையில் இருந்து இறங்கும் தாமிரபரணி ஆண்டு முழுதும் ஓடுகிறது. மேலே காரையாறு, சேர்வலாறு அணைகளும் பாபநாசம் மின்நிலையமும் இருப்பதால் மழையில்லாக் காலத்திலும் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அகஸ்தியர் அருவி கோடையிலும் விழுவது இதனால்தான். கிருஷ்ணன்கோவிலில் இருந்து ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், குற்றாலம், பாபநாசம் இரண்டையும் ஒரே நாளில் அடைக்க முயல்வது வேன் சவாரியாகத்தான் முடியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி.

தாமிரபரணியில் ஆள் மிதப்பது புதிதல்ல. கரையோர ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சுரைக்குடுக்கையிலும் வாழைத்தண்டிலும் டியூபிலும் நீச்சல் பழகியவர்கள்தான். ஆனால் அவர்கள் மிதப்பது தங்கள் படித்துறைக்கு எதிரே, ஒவ்வொரு பாறையும் தெரிந்த ஐம்பது நூறு அடிக்குள். வெளியூர்க் குழு பாபநாசத்தில் இறங்கி அம்பாசமுத்திரத்தில் ஏறலாம் என்று நீளமாகக் கோடு போடுவது வேறு சங்கதி. அந்தக் கோட்டின் குறுக்கே அணைக்கட்டுகள் நிற்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என மலையடிவாரம் முதல் கடற்கரைச் சமவெளி வரை எட்டு. கால்வாயில் நீரைத் திருப்புவதற்காகக் கட்டப்பட்ட இந்தத் தாழ்வான கல் அணைகள் நெல்லைச் சீமையின் வயல்களுக்கு உயிர். டியூபில் வருபவருக்கோ ஆற்றிலேயே பெரிய ஆபத்து இவைதான்.

காரணம் எளிமையானது. மேலிருந்து வருபவருக்கு அணைக்கட்டின் விளிம்பு தெரியாது. நீர்ப்பரப்பு சமதளமாக ஓடி, திடீரென்று முடிந்துவிடும். விளிம்பைத் தாண்டி விழும் நீர் அடியில் போய்ச் சுருண்டு, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்புகிறது. அதில் சிக்கிய டியூப் கவிழும், கவிழ்ந்தவர் சுவரடிக்கு இழுக்கப்பட்டு, அமிழ்ந்து, எழுந்து, மறுபடி இழுக்கப்படுவார். நீச்சல் வீரருக்கும் அங்கே நீச்சல் உதவாது. உலகின் பல நாடுகளில் ஆற்று மீட்புப் படையினர் அதிகம் அஞ்சுவது உயரமான அருவிகளைவிட, ஆளுயரம்கூட இல்லாத இந்தத் தடுப்பணைகளுக்குத்தான்.

மணல் அள்ளிய பள்ளங்கள் அடுத்த சிக்கல். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலை முங்கும் கசத்துக்குள் போய்விடுவார். பாபநாசம் படித்துறைப் பக்கம் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் துணிகள் பாறை இடுக்குகளில் சேர்ந்து காலைச் சுற்றும். மின்நிலையத்தில் இருந்து விடும் நீரின் அளவு மாறினால் காலையில் திட்டாக இருந்த பாறை பிற்பகலில் முங்கியிருக்கும். ஆக, இங்கே நீண்ட மிதவைப் பயணத்துக்கான ஏற்பாடு இல்லை, தனியே செய்துபார்ப்பதும் தகாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்களிடம் ஆழம் கேட்டுக்கொண்டு, கரையில் கயிற்றோடு ஆள் நிற்க, ஒரு சிறிய தடத்தில் மிதந்து திரும்பலாம். அவ்வளவுதான் இந்த ஆறு ஒரு வெளியூர்க் குழுவுக்குத் தரக்கூடியது, அதுவே போதுமானதும்கூட.

ஒழுங்கான ஏற்பாட்டோடு ஆற்றில் பயணம் செய்யத்தான் வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் ஒகேனக்கல் இருக்கிறது. அங்கே பரிசல், அதை ஓட்டப் பழகிய ஆள், உயிர்க்கவசம், பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து என்று எல்லாம் கணக்கில் உண்டு. வினாடிக்கு இத்தனை கனஅடி என்ற எண் ஏறினால் பரிசல் நின்றுவிடும். ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் கிருஷ்ணன்கோவிலில் இருந்து அது ஒரு நாள் பயணம் அல்ல.

மே மாதத்து வெள்ளம்

மழைக்காலத்தில் எச்சரிக்கையாக இருப்பவர்கள் கோடையில் அசந்துவிடுகிறார்கள். 2015 மே மாதம் அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி மலைக்குச் சென்றிருந்த பக்தர்கள், ஓடைகளில் திடீரென வந்த வெள்ளத்தில் சிக்கினார்கள். பலர் உயிரிழந்தனர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். இரண்டும் பருவமழை தொடங்காத மே மாதம். கோடை இடிமழை மலையில் ஓரிடத்தில் கொட்டும். செங்குத்துப் பாறைச் சரிவில் அதை உறிஞ்ச மண் இல்லை. ஐந்தாறு கிலோமீட்டர் கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து சேர்ந்துவிடும். குளிக்கும் இடத்து வானத்தை அண்ணாந்து பார்ப்பதால் பயனில்லை, பார்க்க வேண்டியது மலைமுகட்டை.

வெள்ளம் சொல்லாமல் வருகிறது என்பது முழு உண்மையல்ல. தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். மேலே மரம் விழுந்து நீரை அடைத்திருந்தால் ஓட்டம் திடீரென்று குறையவும் செய்யும். குறைந்ததைக் கண்டு இன்னும் உள்ளே போவதுதான் பெரும் தவறு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பை, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல், நிற்கிற கரையிலேயே மேட்டுக்கு ஏற வேண்டும். மறுகரையில் வேன் நிற்கிறது என்பதற்காக ஓடையைக் கடக்கக் கூடாது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆளைச் சாய்த்துவிட முழங்கால் அளவு நீரே போதும்.

இந்த அறிகுறிகளைக் கவனிக்கக் குளிக்காத ஒருவர் வேண்டும். முறைவைத்து அரை மணிக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம். அவரிடம் விசில் இருந்தால் நல்லது, அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாது.

டியூபும் ஆளும்

பயன்படுத்துவது லாரியின் உள் டியூப் என்றால் காற்றடிக்கும் வால்வின் பித்தளை முனையைத் துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். கவிழும்போது விலாவைக் கிழிப்பது அதுதான். ஒட்டுப்போட்ட டியூபை முந்தைய நாளே காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம். வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர் தொடையைச் சுட்டுவிடும், உட்காருமுன் நனைப்பது நல்லது. டியூபுகளை ஒன்றோடொன்று கட்டுவது குளத்தில் வேடிக்கை, பாறையுள்ள ஓட்டத்தில் கண்ணி. எல்லாவற்றையும் விட முக்கியம், டியூப் மிதவைதானே தவிர உயிர்க்காப்பு அல்ல. வழுக்கினால் அது ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். நீச்சல் தெரிந்தவர் உட்பட எல்லோருக்கும் உடம்போடு கட்டிய உயிர்க்கவசம் தேவை. அது கிடைக்காத குழு இடுப்பளவுத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டினால் பின்னால் வரும் நீர் முகத்தைக் குப்புறத் தள்ளும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் முன்நீட்டி, கையால் கரைப்பக்கம் துழாவ வேண்டும். வேட்டி, சேலை, துப்பட்டா நீரில் கால்விலங்கு. பின்பட்டை வைத்த செருப்போடு இறங்குவது வெறுங்காலைவிட மேல். பாபநாசம் போன்ற படித்துறைகளில் உடைமாற்ற வசதி குறைவு என்பதைப் பெண்கள் இருக்கும் குழு முன்பே யோசித்து, ஓர் அறையோ வண்டித் திரையோ ஏற்பாடு செய்வது நல்லது.

ஒருவர் மூழ்கும்போது சினிமாவில் போலக் கத்திக் கையாட்டுவதில்லை. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, சத்தமின்றிப் போய்விடுவார். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கிய செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் கோடைதோறும் வருகின்றன. முதலில் எறிய வேண்டியது கயிறு, டியூப், முடிந்த துண்டுகள். ஆள் குதிப்பது கடைசி. கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் ஊர்வழக்கில் இன்னும் நடக்கின்றன. இவை நேரத்தை விழுங்கும், வாந்தியை நுரையீரலுக்குள் தள்ளும். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். 108 வரும்வரை இரண்டும் மாறி மாறித் தொடர வேண்டும். குழுவில் இருவராவது இதை முன்பே பழகியிருப்பது அவசியம்.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். லாவோஸ் நாட்டின் வாங் வியெங் ஊரில், நாம் சோங் ஆற்றில் டியூபில் மிதப்பது ஒரு காலத்தில் உலகச் சுற்றுலாப் பயணிகளிடையே பிரபலம். கரையெங்கும் மதுக்கடைகள் முளைத்தன, பயணிகள் செத்துக்கொண்டே இருந்தார்கள், 2012-ல் அரசு அந்தக் கடைகளை மூடியது. குடித்தவர் தண்ணீரில் இறங்குவதில்லை என்பதைப் புறப்படுமுன்பே குழு ஒத்துக்கொள்ள வேண்டும். அருவிக்கரையில் போய் அதைப் பேச முடியாது.

வண்டி, சோறு, திரும்புதல்

தேதியும் இடமும் முடிவான பிறகு மீதி எல்லாம் எளிது. நாற்பது பேருக்கு இரண்டு வேன் என்றால் வண்டிக்கு ஒரு பொறுப்பாளர், பத்துப் பேருக்கு ஒரு துணை. இருக்கைக்கு மேல் ஒருவரும் ஏறாமல் இருப்பது காசு மிச்சம் பிடிக்கும் ஆசைக்கு எதிரானது, ஆனாலும் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏழெட்டுப் பேர் மட்டும் என்றால் மதுரையில் இருந்து தென்காசி போகும் அரசுப் பேருந்தே போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ரயிலும் உண்டு.

குளித்து முடித்துச் சாப்பிடுவதுதான் முறை. காலையில் இட்லியோடு நிறுத்திக்கொண்டு, புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டி எடுத்துப் போனால் அருவியில் இருந்து வந்த பசிக்கு அது தாங்கும். செங்கோட்டைப் பக்கத்து பார்டர் பரோட்டாவுக்குப் போக விரும்பும் குழு அதற்கு ஒரு மணி நேரமாவது தனியே ஒதுக்க வேண்டும், ஞாயிறு மதியம் அங்கே வரிசை நீளம்.

தடை போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானித்து எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. தென்காசி காசிவிசுவநாதர் கோவிலும், திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலும் பால்கோவா கடைகளும் ஒரு நாளைத் தேற்றிவிடும். மாற்று இடம் இல்லாத குழுதான் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தடுப்பைத் தாண்டி ஓடையில் இறங்குகிறது.

திரும்பும் நேரம் மாலை நான்கரையைத் தாண்டக் கூடாது. விடியலில் வண்டியை எடுத்த ஓட்டுநருக்கு மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம் கொடுக்காத குழு, கடையநல்லூர் தாண்டி இருட்டியதும் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடலாம். புறப்படுமுன் வண்டிக்கு வண்டி பெயர் சொல்லி அழைத்துக் கணக்கெடுக்க வேண்டும், தலையை மட்டும் எண்ணினால் இடம் மாறி ஏறியவர்கள் குழப்பிவிடுவார்கள். வாடகை டியூபும் உயிர்க்கவசமும் எண்ணி ஒப்படைத்த பிறகு முன்பணம் திரும்ப வரும். மீந்த பணத்தை அன்றிரவே கணக்குக் காட்டிப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்ப்பது சுலபம்.